படகில் ஏறிய சைக்கிள்

முதலில் வாசனைதான் வந்தது. ஈரத் துணிமேல் இஸ்திரிப் பெட்டி வைத்தால் வருமே, அப்படி ஒரு சூட்டு வாசனை. படகோட்டி மாரிமுத்து சுருட்டுப் பற்றவைத்திருக்கிறார் என்று நினைத்துத் திரும்பினேன். அவர் மூங்கில் கழியை ஆற்றுக்குள் ஊன்றி, உடம்பையே அதன்மேல் சாய்த்துப் படகைத் தள்ளிக்கொண்டிருந்தார். வாயில் சுருட்டு இல்லை.

"அக்கா, பொட்டி பொகையுது!" என்று கத்தினாள் அஞ்சலை.

என் தகரப் பெட்டி. மூடியின் இடுக்கிலிருந்து வெள்ளையாகப் புகை கசிந்துகொண்டிருந்தது. கீழே வெள்ளாறு, மேலே மழை மேகம், எங்கள் தலைமுடியில்கூடத் தண்ணீர் சொட்டுகிறது. இத்தனை ஈரத்துக்கு நடுவில், நனையக் கூடாதென்று நான் பொத்திப் பொத்திக் கொண்டுவந்த ஒரே பெட்டி எரியப் பார்க்கிறது.

எங்கள் வீட்டுக்காரர் பாய்ந்து போய் மூடியைத் தொட்டார். கையை உதறினார்.

"சுடுதே!" என்றார், ஏதோ புதிதாகக் கண்டுபிடித்தவர் மாதிரி.

எனக்கு வந்த கோபத்தில் பெட்டியோடு சேர்த்து அவரையும் ஆற்றில் தள்ளியிருப்பேன். நீச்சல் தெரியாத மனுஷன், பிழைத்துப் போகட்டும் என்று விட்டேன்.

பொந்துக்குள் அடிக்குமா வெளிச்சம்?

குவார்ட்டர்ஸ் குளியலறையைப் படம் கழுவும் இருட்டறையாக மாற்றியதைப் பற்றிப் போன இதழில் நான் எழுதியதைப் படித்துவிட்டு, "அப்படியானால் குளித்தது எங்கே?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அங்கேயேதான் அம்மா. படம் கழுவாத நேரத்தில் உடம்பைக் கழுவிக்கொள்வோம்.

தெற்கே ஒரு சிறிய ஊரில் அப்பா வைத்திருந்த ஸ்டூடியோவில் வளர்ந்தவள் நான். கல்யாணமாகி நெய்வேலிக்கு வரும்போது சீர்வரிசைப் பாத்திரங்களோடு ஒரு கேமராவும் வந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கண் வைத்த பெட்டிக் கேமரா. மாமியார் அதைத் திருஷ்டிப் பொம்மையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அந்தக் கேமராதான் நெய்வேலியில் எனக்கு ஒரு பெயரைத் தந்தது. சுரங்கம் தோண்டி லிக்னைட் என்கிற பழுப்பு நிலக்கரியைக் கண்ட புதிது. தினமும் ஆட்கள் வேலைக்கு வந்துகொண்டே இருந்தார்கள். காண்டிராக்ட் ஆட்களுக்கு கேட் பாஸ் வேண்டும், பாஸுக்குப் போட்டோ வேண்டும். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெளிநாட்டு இன்ஜினீயர் விட்டுச் சென்ற எலெக்ட்ரானிக் ஃப்ளாஷ் ஒன்றை எங்கள் வீட்டுக்காரர் எப்படியோ வாங்கி வந்திருந்தார். வண்டிப் பட்டறையில் பேட்டரி ரூமில் அவருக்கு வேலை. அமிலம் ஊற்றிய சிறிய பேட்டரியைத் தோள்பையில் மாட்டிக்கொண்டு அடிக்கும் ஃப்ளாஷ் அது. தோள்பை என்கிறேனே தவிர, தூக்கினால் தோள்பட்டை இறங்கிவிடும்.

அப்படிப் பாஸ் போட்டோவுக்கு வந்தவள்தான் அஞ்சலை. முக்காலியில் உட்கார வைத்து ஃப்ளாஷை அடித்தேன். மற்றவர்கள் கண்ணைக் கசக்குவார்கள், சிலர் சாமியைக் கூப்பிடுவார்கள். இவள் அசையாமல் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க்கா, இந்த வெளிச்சம் பொந்துக்குள்ள கூட அடிக்குமா?"

"எந்தப் பொந்து?"

"எங்க ஊரு மதகுங்கக்கா."

அவள் ஊர் மேலப்படுகை. வெள்ளாறு கடலில் சேர்வதற்கு முன்னால், ஆற்றங்கரைக்குக் கீழே ஒட்டினாற்போல் இருக்கிற குடிசைகள். எல்லாரும் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள். கரைக்கு அடியில் ஆற்றிலிருந்து வயலுக்குத் தண்ணீர் போகிற மதகு, செங்கல் வளைவு வைத்த பழைய சுரங்கப் பாதை. அதன் உள்ளே கூரை பிளந்து, மேலே இருக்கிற கரை மண் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வந்துகொண்டிருந்தது.

"மொதல் வெள்ளத்துக்கே மண்ணு கொழகொழன்னு வந்துகினு இருந்திச்சுங்க. இன்னொரு வெள்ளம் வந்திச்சின்னா கரை நிக்காது. எம்புள்ளைங்க ரெண்டும் அங்கதான், அக்கா வூட்ல இருக்குதுங்க."

கழிமுகத்து ஊரில் இருந்த நீர்ப்பாசன அதிகாரியிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவர் மேசைமேல் அந்த மழையில் உடைந்த கரைகளின் பேர்கள் குவிந்து கிடந்தன போல. வெளியே நன்றாகப் பூசித்தான் இருக்கிறது, உடைந்த இடத்துக்கே மணல் மூட்டை போதவில்லை, உடையாத இடத்துக்கு எங்கே போவது என்று கேட்டிருக்கிறார். இவள் நகரவில்லை. கடைசியில், "உள்ளே வெடிச்சிருக்குன்னா போட்டோ புடிச்சிக்கிட்டு வா, பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

சமாதானத்துக்குச் சொன்ன வார்த்தை அது. யாருக்கும் புரியும். அஞ்சலைக்கும் புரிந்திருக்கும்.

"சொன்னது அவரு வாயிதானேக்கா? புடிச்சிக்கினு போயி வெச்சா, பாக்கமாட்டேன்னு சொல்ல முடியுமா?"

எனக்கு இரக்கத்தைவிட ரோஷம்தான் முதலில் வந்தது. நடக்காத காரியத்துக்குப் பெயர் போட்டோவா? என் அப்பா சோறு போட்ட தொழிலா நடக்காத காரியம்?

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்காரர் ஷிப்டு முடிந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள், "லீவு போடுங்க" என்றேன்.

வறுத்த அரிசியும் வறுத்த நிலக்கரியும்

மேலப்படுகைக்கு ரோடு வழி போக முடியாது. சேத்தியாத்தோப்புப் பக்கம் வெள்ளம் பாதையை அறுத்துவிட்டது. அஞ்சலை கழுத்தளவுத் தண்ணீரில் நடந்து வந்தவள். அந்தப் பாதையில் கேமராவைக் கொண்டுபோவது ஆகாத வேலை. கடல் பக்கமாகச் சுற்றிப் போய், பரங்கிப்பேட்டையில் படகு பிடித்து, ஆற்றை எதிர்த்து மேலே ஏறுவது ஒன்றுதான் வழி. கடல் ஓதம் பெருகி ஆற்றுக்குள் ஏறும்போது படகும் அதோடு ஏறும். ஓதம் வற்றும்போது கரையில் கட்டிப்போட்டுக் காத்திருக்க வேண்டும். நடுவில் மழை வேறு. மூன்று நாள் ஆகலாம் என்றார்கள்.

மூன்று நாள் மழையில் ஒரு கேமராவை நனையாமல் வைப்பது கைக்குழந்தையை நனையாமல் வைப்பதைவிடக் கஷ்டம். குழந்தையாவது அழுது சொல்லும். லென்ஸுக்குள் பூசணம் பூப்பதும் பிலிம் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்வதும் வெளியே தெரியாது.

எங்கள் ஸ்டூடியோவில் இதற்கு ஒரு வழி இருந்தது. அரிசியைச் சிவக்க வறுத்து, துணிப் பையில் கட்டி, கேமராப் பெட்டிக்குள் போட்டுவிடுவார் அப்பா. ஈரத்தையெல்லாம் அரிசி இழுத்துக்கொள்ளும். நான் வாணலியை அடுப்பில் வைத்தேன்.

"லிக்னைட் ஊர்ல உட்கார்ந்துக்கிட்டு அரிசியை வறுப்பாங்களா?" என்று சிரித்தார் எங்கள் வீட்டுக்காரர்.

அந்தக் காலத்து நெய்வேலியைப் பார்த்தவர்களுக்குத்தான் இந்தப் பெருமை புரியும். எங்கள் பிளாக்கில் யாருக்கு எந்தக் குறை வந்தாலும் லிக்னைட்டில் மருந்து உண்டு என்று சொல்ல ஒருவர் இருப்பார். கத்தரிச் செடிக்கு அடியில் போடலாம். எறும்பு வராது. ஒருத்தர் பல் துலக்கிப் பார்த்துவிட்டு இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை.

சுரங்கத்திலிருந்து வரும்போது அதில் பாதி தண்ணீர்தான். அந்தத் தண்ணீரை ஓட்டிவிட்டால், இழந்ததையெல்லாம் திரும்பக் காற்றிலிருந்து உறிஞ்சப் பார்க்கும், அரிசியெல்லாம் அதற்கு முன்னால் எம்மாத்திரம் என்பது அவருடைய வாதம். வாதம் சரிதான். ஒரு பை நிறையக் கொண்டுவந்து, இடித்து, இரும்புத் தகட்டில் போட்டு, வீடெல்லாம் நெடியடிக்க வறுத்தெடுத்துத் தலையணை உறைகளில் கட்டினார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், காயவிட்ட லிக்னைட் குவியல் தானாகவே சூடேறிப் புகையும் என்பது நெய்வேலியில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். அதற்காகவே குவியல்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார்கள். நானும் கேட்டேன்.

"அது மலை மாதிரிக் குவியல். இது தலைகாணி உறை. இதெல்லாம் புகைஞ்சா அப்புறம் ஊர்ல அடுப்பு எதுக்கு?" என்றார்.

பேட்டரி ரூமில் வேலை பார்க்கிறவர் சொன்னால் கேட்டுத்தானே ஆக வேண்டும். அரிசி வாணலியை இறக்கினேன். ஆனால் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. பிலிம் சுருள்கள் கரிப் பைகளோடு தகரப் பெட்டிக்குள் போகட்டும், கேமரா மட்டும் போகாது, என்னோடுதான் வரும் என்றேன். குளிர்ந்த கேமராவை வெக்கையான இடத்துக்குக் கொண்டுபோனால் லென்ஸ் வேர்த்துவிடும். மதகுக்குள் போகும்போது அது உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். புடவைக்குள் வயிற்றோடு சேர்த்து ஒரு துண்டால் கட்டிக்கொண்டேன். பஸ்ஸில் ஓர் அம்மாள் எழுந்து இடம் கொடுத்து, "எத்தனையாவது மாசம்மா?" என்று கேட்டார். மாதம் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

அடுத்தது பேட்டரி. அது கிழட்டுப் பேட்டரி. இன்று நிறைத்தால் மூன்றாம் நாள் சோர்ந்துவிடும். ஆற்றோரத்தில் கரண்ட் கிடையாது. இதற்கு எங்கள் வீட்டுக்காரர் செய்த யோசனையை நான் இன்றைக்கும் மெச்சுகிறேன். அவருடைய சைக்கிளையே எடுத்து வந்துவிட்டார். பின் சக்கரத்தை ஸ்டாண்டில் நிறுத்தி மிதித்தால் டைனமோ சுற்றும். அந்தக் கரண்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்க, பட்டறை நண்பர்களோடு சேர்ந்து ஒரு சின்னத் தகடு பொருத்திய பெட்டி செய்திருந்தார். நெய்வேலிக்காரனுக்குச் சைக்கிள் கைகால் மாதிரி. அது இல்லாமல் ஆற்றுக்குக்கூடப் போகமாட்டான்.

பஸ் கூரையிலிருந்து சைக்கிளை இறக்கிப் படகில் ஏற்றினோம். மாரிமுத்து கழியைப் பிடித்தபடி நெடுநேரம் அதையே பார்த்தார்.

"ஏன் சார், ஆத்துல பாதியில எறங்கி ஓட்டிக்கிட்டுப் போயிடுவீங்களா?"

நடு ஆற்றில் தீ

முதல் நாள் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஓதம் வற்றும்போது கரையோரம் படகைக் கட்டிவிட்டு, எங்கள் வீட்டுக்காரர் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து மிதிப்பார். கரையில் மாடு மேய்த்தவர்கள் மாட்டை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். படகு நகராமல் ஒரு மனிதர் அதன்மேல் சைக்கிள் மிதிப்பதைப் பார்த்தால் யார்தான் நிற்கமாட்டார்கள்? பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே பிலிம் சுருள்களோடு போட்டிருந்த கேமராவின் தோல் பட்டை அப்பளம் மாதிரி காய்ந்திருந்தது. அவர் முகத்தில் பெருமை தாங்கவில்லை.

இரண்டாம் நாள் காலை ஒரு பெரிய மழை. பெட்டி மூடி வழியே கொஞ்சம் தண்ணீர் இறங்கியிருக்கிறது. பிறகு, அடுத்த தூறலுக்கு முன்னால் கொஞ்ச நேரம் சுள்ளென்று வெயில் அடித்துத் தகரம் காய்ந்தது. வறுபட்டுக் கிடந்த கரி, கிடைத்த ஈரத்தையெல்லாம் பேராசையோடு குடித்துச் சூடேறியது. மூடிய பெட்டி, சூடு போக வழியில்லை. மீதியை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன்.

துணியைச் சுற்றிக்கொண்டு மூடியை நெம்பினார். குப்பென்று புகை. பைகளைக் கழியால் குத்தித் தூக்கி மாரிமுத்து ஆற்றில் எறிய, அவை சீறிக்கொண்டு முழுகின. இந்த அமளியில் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பேட்டரி கவிழ்ந்தது. அமிலம் பலகையில் ஓடி, எங்கள் வீட்டுக்காரர் வேட்டியில் ஏறியது. அன்று சாயங்காலத்துக்குள் அந்த வேட்டி சல்லடையாகிவிட்டது.

பெட்டிக்குள் இருந்த பிலிம் சுருள்கள் எல்லாம் வெந்து சுருண்டு ஒட்டிக்கொண்டன. என் வயிற்றில் கட்டியிருந்த கேமராவுக்குள் இருந்த ஒரே சுருள்தான் மிச்சம். அதிலும் நாலு படத்துக்குத்தான் இடம் இருந்தது, மற்றதெல்லாம் பாஸ் போட்டோவில் தீர்ந்திருந்தது.

எங்கள் வீட்டுக்காரர்தான் ஆரம்பித்தார்.

"திரும்பிடலாம். ஓதம் வத்துது, சாயங்காலத்துக்குள்ள முகத்துவாரம் போயிடலாம். பிலிம் வாங்கிக்கிட்டு, பேட்டரியைச் சரி பண்ணிக்கிட்டு, முறையா வரலாம்."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. அஞ்சலை எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்க்காமல் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேற்கே வானம் கறுத்துக் கிடந்தது. அங்கே பெய்வது இரண்டு மூன்று நாளில் இங்கே வந்துவிடும்.

"பிலிம் வாங்கிட்டு வர்ற வரைக்கும் வெள்ளம் காத்திருக்குமா?" என்றேன். "கேமராவில ஒரு படம் எடுக்க இடம் இருந்தாலும் நான் திரும்பமாட்டேன். நீங்க வேணும்னா அந்தச் சைக்கிளை மிதிச்சிக்கிட்டே நெய்வேலி போங்க."

மாரிமுத்து கழியை எடுத்து மேற்கே பார்த்து ஊன்றினார். ஓதம் எதிராக இருந்தது. அன்று அவர் படகைத் தள்ளியதை நினைத்தால் இப்போதும் என் தோள் வலிக்கிறது.

பேட்டரியில் அமிலம் குறைந்துபோன இடத்துக்கு மழைத் தண்ணீரை ஏந்தி ஊற்றினார் எங்கள் வீட்டுக்காரர். மழைத் தண்ணீர் சுத்தமான தண்ணீர், பேட்டரிக்கு ஆகும் என்றார். நான் வறுத்த அரிசியைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பதை என் பெருந்தன்மைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நிற்கிற சைக்கிளில் ஓர் ஊர்

மூன்றாம் நாள் காலை மேலப்படுகைக்குப் போய்ச் சேர்ந்தபோது கரை முழுக்க ஜனம். அஞ்சலையின் பிள்ளைகள் ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டன. அவள் அவர்களை அக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "மொதல்ல சைக்கிள எறக்குங்க" என்றாள்.

மத்தியானம் ஓதம் நன்றாக வற்றும்போது மதகுக்குள் இடுப்பளவுதான் தண்ணீர் இருக்கும். அப்போதுதான் உள்ளே போக முடியும். அதற்குள் பேட்டரியை ஏற்றியாக வேண்டும். கரைமேல் சைக்கிளை நிறுத்தி மிதித்தால் டைனமோ சுற்றவில்லை. மழையில் டயர் வழுக்கியது. துடைத்துப் பார்த்தோம், திரும்ப நனைந்தது. அஞ்சலை இரண்டு செங்கல்லை ஒன்றோடு ஒன்று தேய்த்து, அந்தத் தூளை டயரில் அப்பினாள். டைனமோ பிடித்துக்கொண்டது. ஆளுக்கு ஒருவர் செங்கல் தேய்க்க உட்கார்ந்தார்கள்.

எங்கள் வீட்டுக்காரர் கால் மரத்துப் போகும்வரை மிதித்தார். பிறகு ஒரு இளவட்டம் ஏறினான். அவனுக்குப் பின் இன்னொருவன். சைக்கிளே ஓட்டத் தெரியாதவர்கள் வந்து, நிற்கிற சைக்கிள்தானே விழமாட்டோம் என்று ஏறினார்கள். அஞ்சலையின் அக்கா புடவையைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். ஆண்கள் சிரித்தார்கள். அவள் மிதித்த வேகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

எங்கள் வீட்டுக்காரர் பேட்டரிக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்து, நிறைந்ததற்கு அடையாளமாக அதற்குள் குமிழி வருகிறதா என்று காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் எழுந்து, "போங்க" என்றார்.

பக்கவாட்டு வெளிச்சம்

மதகுக்குள் குனிந்துதான் நடக்க முடியும். வயல் பக்கத்து வாயில் எங்களுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் துணி அளவுக்குச் சிறுத்துப் போயிற்று. தண்ணீர் இடுப்பில் சில்லென்று இருந்தது. உள்ளே காற்று வெக்கையாக, சேற்று நாற்றத்தோடு நின்றது. அஞ்சலை பேட்டரியைத் தோளில் வைத்து, கழுத்தோடு அணைத்துக்கொண்டு முன்னால் போனாள். வயர் எங்கள் இருவரையும் கட்டியிருந்தது.

"இதாங்க்கா."

கையால் தடவிப் பார்த்தேன். வளைவில் குறுக்காக ஒரு பிளவு. உள்ளிருந்து தண்ணீரும் மண்ணும் வழிந்தன.

ஸ்டூடியோவில் கற்றுக்கொண்ட ஒரு வித்தை இங்கே தலைகீழாக உதவியது. முகத்துக்கு நேரே வெளிச்சம் அடித்தால் அம்மைத் தழும்பு மறைந்துவிடும். பக்கவாட்டில் அடித்தால் ஒவ்வொரு குழியும் தெரியும். கல்யாணப் பெண்களுக்கு நேர் வெளிச்சம் வைத்தே பழகிய கை இது. அன்றைக்குத்தான் குழி தெரிய வேண்டுமென்று ஃப்ளாஷைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தேன்.

இருட்டில் கண்ணாடியில் பார்த்து ஃபோகஸ் பண்ண வழியில்லை. கையால் முழம் போட்டுத் தூரம் அளந்து லென்ஸைத் திருப்பினேன்.

"எவ்வளவு பெரிய பொளவுன்னு அந்தாளுக்கு எப்பிடிக்கா தெரியும்?" என்றாள் அஞ்சலை. கேட்டுவிட்டு, பேட்டரி இல்லாத பக்கத்துக் கையைப் பிளவுக்குள் விட்டாள். முழங்கை வரைக்கும் உள்ளே போயிற்று.

"அய்யோ, எடு கையை. செங்கல் விழுந்துடப் போவுது!"

"நீங்க புடிங்க்கா. மண்ணு ஓடுது, வெரலுக்கு நடுவுல ஓடுது. சீக்கிரம் புடிங்க."

அழுத்தினேன். ஃப்ளாஷ் எரியவில்லை. அடிக்கப் போதுமான கரண்ட் சேர்ந்தால் சிவக்கும் அதன் சின்ன விளக்கு இன்னும் சிவக்கவே இல்லை. காத்திருந்தோம். தண்ணீர் இடுப்பிலிருந்து விலாவுக்கு வந்திருந்தது. ஓதம் திரும்பிவிட்டது. வாயிலிலிருந்து எங்கள் வீட்டுக்காரர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது கேட்டது. பயந்தால் மட்டும்தான் அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்.

சிவப்பு வந்தது. அழுத்தினேன். ஒரு கணம் அந்தப் பொந்து முழுவதும் வெள்ளையாகத் தெரிந்தது. என் தலைக்குமேல் அத்தனை பெரிய பிளவு ஓடுவதை அப்போதுதான் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம் என்று தோன்றியது. திரும்பச் சிவக்கும்வரை காத்திருந்து இன்னொன்று எடுத்தேன். மூன்றாவதை அழுத்தியபோது விளக்கு எட்டிப் பார்த்துவிட்டு அணைந்தது, பிலிமும் அதோடு தீர்ந்தது.

வெளியே வந்தபோது எங்கள் வீட்டுக்காரர் நெஞ்சளவுத் தண்ணீரில் மதகு வாயைப் பிடித்தபடி நின்றிருந்தார். நீச்சல் தெரியாத மனுஷன். லிக்னைட் விஷயத்தில் அவரை நான் மன்னித்தது அந்த இடத்தில்தான்.

எந்த மதகு?

ஓதத்தோடு இறங்கினால் பாதி நாள் பயணம். இரவோடு இரவாக நெய்வேலிக்கு ஓடி, குளியலறையில் கழுவி, அடுப்புச் சூட்டில் காயவைத்து, அடுத்த நாளே படத்தோடு அதிகாரி முன்னால் நின்றோம். ஒரு படம் கலங்கியிருந்தது. இன்னொன்று கண்ணாடி மாதிரி வந்திருந்தது. பிளவின் விளிம்பில் ஒவ்வொரு செங்கல்லுக்கும் நிழல். நடுவில் முழங்கைவரை புதைந்த ஒரு கை.

அதிகாரி தூக்கம் கெட்ட கண்ணோடு நெடுநேரம் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. எந்தக் கரைக்கும் மூட்டை மறுக்க மனமில்லாமல் எல்லாருக்கும் மறுத்துக்கொண்டிருந்தவர்.

"படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இது மேலப்படுகை மதகுதான்னு நான் எப்படி நம்பறது? எந்த மதகுக்குள்ளயும் எடுக்கலாமே."

ஆற்றை ஜெயித்து, தீயை ஜெயித்து, இந்த ஒரு கேள்வியை நான் யோசிக்கவில்லை. வெளியிலிருந்து ஒரு படம், ஊரோடு ஒரு படம் எடுத்திருக்க வேண்டும். பிலிம் இருந்தால் எடுத்திருப்பேன்.

அஞ்சலை மேசையருகே போனாள். கையை நீட்டி அந்தப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை செங்கல் கீறிய காயம், இன்னும் ஆறவில்லை. முழங்கைக்கு மேலே, படத்தில் இருந்த அதே பச்சைக்குத்து, நாலு புள்ளியும் ஒரு தேளும்.

"இந்தக் கைதாங்க அது. படத்த நம்ப வேணாம். வாங்க, உங்க கைய வுட்டுப் பாருங்க. போவலைன்னா நான் திரும்பி வந்து ஒரு வார்த்த கேக்கமாட்டேன்."

அவர் அவளைப் பார்த்தார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். எழுந்து குடையை எடுத்துக்கொண்டு, "மோட்டார் போட்டை எடுக்கச் சொல்லு" என்று பியூனிடம் சொன்னார்.

மாரிமுத்து மூன்று நாள் தள்ளிய தூரத்தை மோட்டார் போட் ஒரு காலையில் கடந்தது. மதகு வாயில் அவருடைய டார்ச் லைட் எரியவில்லை. இரண்டு தட்டுத் தட்டினார். ஈரம். ஃப்ளாஷ் கொண்டு வந்திருக்கிறீர்களா என்று என்னைக் கேட்டார். பேட்டரி செத்துவிட்டது என்றேன். பேண்ட்டோடு தண்ணீரில் இறங்கி, இருட்டுக்குள் அஞ்சலைக்குப் பின்னால் குனிந்து போனார்.

உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்தபோது அவருடைய வலது கைச் சட்டை தோள்வரை மண்ணாக இருந்தது. அஞ்சலைக்கு முழங்கைவரைதான் எட்டியது. அவர் நெடிய மனிதர்.

"எத்தனை மூட்டைம்மா வேணும்?" என்று கேட்டார்.

"நீங்க சாக்கக் குடுங்க. மண்ணு நாங்க போட்டுக்கறோம்."

சாக்கு அன்று மாலைக்குள் வந்தது. அதற்குப் பிறகு நானோ எங்கள் வீட்டுக்காரரோ நெய்வேலியைப் பற்றி நினைக்கவில்லை. கைக்குக் கை மூட்டை மாற்றும் வரிசையில் நின்றோம். அதிகாரியும் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றார். மதகின் உட்புறம் முழுக்க அடைத்து, கரையின் அடிவயிற்றில் சார்த்தி முடித்தபோது ஒருத்தருக்கும் கையைத் தூக்க முடியவில்லை.

மறுநாள் மத்தியானம் வெள்ளம் வந்தது. செந்நிறமாக, மரங்களைப் புரட்டிக்கொண்டு, கரையின் உச்சிக்கு ஒரு ஜாண் கீழே வந்து நின்றது. மதகு வாயில் கலங்கலாகக் கசிந்தது. பிறகு தெளிவாகக் கசிந்தது. மண் வரவில்லை. கரை நின்றது.

நான் உட்கார்ந்து அழுதேன். ஊரே கரைமேல் நின்று தண்ணீரைப் பார்த்தது. அஞ்சலை மட்டும் இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளையோடு தண்ணீர் விளிம்புக்குப் போய், வெள்ளாற்றைப் பார்த்துத் தொண்டை கிழியத் திட்டினாள். என்னென்ன சொல்லித் திட்டினாள் என்பதை இந்தப் பத்திரிகையில் அச்சடிக்கமாட்டார்கள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்று, எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன்.